ஒலிக்கு ஓர் அணை



கோதையாற்றின் குறுக்கே நிற்கும் பேச்சிப்பாறை அணையை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்னும் பொறியாளரின் பொறுப்பில், 1897-ஆம் ஆண்டு தொடங்கி 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதன் முழு நீர்மட்டம் 48 அடி. அவ்வளவு நீரை நிறுத்திவைப்பது எது என்று கேட்டால், சுவரின் கனம் என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி விடை. மற்றப் பாதி, சுவர் எங்கே போய் முடிகிறது என்பதில் இருக்கிறது. ஆற்றின் நடுவில் எத்துணைக் கனமான சுவரை எழுப்பினாலும், அதன் இரு முனைகளும் கரையின் மேட்டு நிலத்தோடு இணையாவிட்டால், நீர் முனையைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போய்விடும். சுற்றிப் போக வழியில்லாமற் செய்வதுதான் அணை.

அந்த அணைக்கு அருகில் வாழ்பவன் நான். ஆனால் இன்று உங்களோடு பேச விரும்புவது ஒலியைப் பற்றி. மிகத் தாழ்ந்த ஒலிகளை வீட்டிற்குள் குறைவின்றிக் கேட்கவேண்டுமானால், நீருக்குச் செய்ததையே ஒலிக்கும் செய்யவேண்டும். அவ்வாறு செய்யும் முறைக்கு ‘இன்ஃபினிட் பாஃபிள்’ என்று பெயர். ‘முடிவிலாத் தடுப்பு’ என்று தமிழில் வழங்கலாம். தாழ்ந்த ஒலிகளுக்கென்றே தனியாக அமைக்கும் ஒலிபெருக்கியைச் சப்வூஃபர் என்பார்கள். முடிவிலாத் தடுப்பு முறையில் ஒரு சப்வூஃபரை எங்கள் வீட்டிலேயே அமைத்திருக்கிறேன். அதன் தத்துவத்தையும் வேலை முறையையும் சொல்கிறேன்.

முதலில், தாழ்ந்த ஒலியைக் கேட்பதற்கு இவ்வளவு முயற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான்.

நாஞ்சில் நாட்டின் கலை வில்லுப்பாட்டு. அதிலே வில் ஒரு குடத்தின்மேல் அமர்ந்திருக்கும். குடத்தின் வாயைத் தட்டையான மட்டையால் அடிக்கும்போது ‘தும்’ என்று ஆழ்ந்த ஒலி பிறக்கும். கோயில் கொடைவிழாவில் அருகே அமர்ந்து கேட்டவர்களுக்கு அந்த ஒலி காதோடு நிற்பதில்லை. மார்பிலும் வந்து படும். அதே வில்லுப்பாட்டைக் கைப்பேசியில் கேளுங்கள். பாட்டு விளங்கும், உடுக்கை கேட்கும், தாளம் கேட்கும். குடம் மட்டும் பலகையைத் தட்டுவதுபோல் ‘டக்’ என்று வறண்டு ஒலிக்கும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்னும் கணக்கு.

அப்படியானால் குறை ஏன் உடனே தெரிவதில்லை? இங்கே ஒரு விந்தை இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அனுப்பியது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வோ 120 ஹெர்ட்ஸ் அளவினது. அந்த அடிப்படை தொலைபேசியில் வரவே இல்லை. ஆயினும் தந்தையின் குரல் தந்தையின் குரலாகவே கேட்டது. அடிப்படையின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கான மேலதிர்வுகள் வந்து சேர, அவற்றின் இடைவெளியைக் கொண்டு, வராத அடிப்படையை நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. ஆனால் மூளை ஊகிப்பது சுருதியை மட்டுமே. காற்றின் அழுத்தம் உடலைத் தொடுவதை எந்த ஊகத்தாலும் உண்டாக்க முடியாது. ஆகவே, தன் ஊர்க் கலையைச் சிறு கருவிகளில் மட்டும் கேட்டு வளரும் ஒரு தலைமுறை, குடம் என்றால் ‘டக்’ என்று ஒலிக்கும் பொருள் என்றே எண்ணிவிடக்கூடும். ஒலிப்பதிவில் ‘தும்’ இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒரு வாயில்தான் இல்லை.

இனித் தத்துவத்துக்கு வருவோம். ஒலிபெருக்கியில் ஒரு கூம்பு இருக்கிறது. மின்சாரம் அதை முன்னும் பின்னும் அசைக்கிறது. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது; அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. எனவே ஒரே கூம்பு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு ஒலிகளை ஒருங்கே உண்டாக்குகிறது. இவ்விரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றிச் சந்தித்தால், நெருக்கம் தளர்ச்சியை நிரப்பிவிடும். ஐந்தோடு ‘கழித்தல் ஐந்து’ சேர்ந்தால் விடை சுழிதானே?

உயர்ந்த ஒலிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11½ சென்டிமீட்டர். அவ்வளவு குறுகிய அலை கூம்பின் முன்னே நேராகச் சென்றுவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 8.6 மீட்டர். 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 17 மீட்டருக்கு மேல். இவ்வளவு நீண்ட அலைக்கு ஒலிபெருக்கி ஒரு தடையே அன்று. எளிதாகச் சுற்றிக்கொண்டு பின்னலையோடு கலந்து மறைகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியை மட்டும் கழற்றி, கம்பிகளை நீட்டி, மேசைமேல் வைத்துக் கேளுங்கள். குரல் மெலிந்து கீச்சென்றிருக்கும். பிறகு ஓர் அகன்ற அட்டையில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, அந்தத் துளையின்மேல் ஒலிபெருக்கியைப் பொருத்துங்கள். மின்சாரத்தைக் கூட்டாமலே குரல் தடிக்கும். புதிதாக ஒலி எதுவும் பிறக்கவில்லை. முன்னலையைப் பின்னலை அழிக்காதபடி அட்டை தடுத்தது, அவ்வளவுதான்.

அட்டை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? அலைநீளத்தில் பாதியாவது அதன் பக்கம் இருக்கவேண்டும் என்பது ஏறத்தாழச் சரியான கணக்கு. 40 ஹெர்ட்ஸுக்கு 14 அடிப் பலகை. 20 ஹெர்ட்ஸுக்கு 28 அடிப் பலகை. எந்த வீட்டில் அதை வைப்பது?

அதனால்தான் பெட்டி வந்தது. கூம்பின் பின்புறத்தை மூடிய பெட்டிக்குள் அடைத்துவிட்டால் பின்னலை வெளியே வராது. ஆனால் அடைபட்ட காற்று ஒரு வில்சுருள்போல் கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதாகச் சிறிதாக இந்த விறைப்பு மிகும். ஆழ்ந்த ஒலி குறையும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கார் வில்ச்சுர், அந்தக் காற்றுச்சுருளையே கூம்பின் முதன்மையான சுருளாகக் கொண்டு, சிறு பெட்டியிலும் தாழ்ந்த ஒலி தரும் கருவியை அமைத்தார். அது பெரிய முன்னேற்றம். எனினும் அதற்கு மிகுந்த மின்வலிமை வேண்டியிருந்தது.

பெட்டியில் ஒரு துளையிட்டு, குழாய் பொருத்துவது மற்றொரு முறை. இது நம் வில்லுப்பாட்டுக் குடத்தின் தத்துவமே. குடத்தின் கழுத்திலுள்ள காற்று ஒரு பாரம். வயிற்றிலுள்ள காற்று ஒரு சுருள். இரண்டும் சேர்ந்து குறிப்பிட்ட ஓர் அதிர்விலே உரத்து முழங்கும். குடம் முழங்குவது அழகு. ஆனால் எல்லாப் பாட்டையும் தரவேண்டிய கருவி, தனக்கென்று ஒரு முழக்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலும் அதையே சேர்த்துவிட்டால் என்னாகும்? நல்ல அறிஞர்கள் கணக்கிட்டு அமைத்த பெட்டிகளில் இக்குறை சிறியது. ஆயினும் குழாயின் அதிர்வுக்குக் கீழே போனதும் அவை விரைவில் ஓய்ந்துவிடும்.

முடிவிலாத் தடுப்பு இவ்விரண்டினும் பழமையானது. ராலே பிரபு 1877-ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய ஒலியியல் நூலில், எல்லையற்ற சமதளத்தில் பதித்த தட்டு எவ்வாறு ஒலியைப் பரப்பும் என்று கணக்கிட்டிருக்கிறார். 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய ஒலிபெருக்கிக்கு மூலமான கூம்புக் கருவியைத் தடுப்புப் பலகையோடு சேர்த்து விளக்கினர். ராலேயின் சமதளத்துக்கு எல்லையில்லை. நம் வீட்டிலோ எல்லாவற்றிற்கும் எல்லை உண்டு. ஆனால் ஓர் அறையின் சுவர் தரையோடும் கூரையோடும் பக்கச் சுவர்களோடும் இணைந்திருக்கிறதல்லவா? சுற்றிப் போக வழியில்லை. அந்தச் சுவரையே தடுப்பாகவும், அடுத்த அறையையே பெட்டியாகவும் கொள்வதுதான் இந்த முறை.

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் அறை 18 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரம். அதற்கு அடுத்து, முன்பு நெல் வைத்த பத்தாய அறை 8 அடிச் சதுரம். உயரமும் 8 அடி. பெருக்கினால் 512 கன அடி. அதாவது 14,500 லிட்டர்.

ஒலிபெருக்கியை வாங்கும்போது அதன் அளவுத் தாளில் மூன்று எண்களைப் பார்க்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீலும், பின்னர் 1970-களில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த முறையால் உலகெங்கும் வழங்கும் எண்கள் இவை. முதலாவது, கூம்பு தன்னியல்பாக அதிரும் வேகம். அது 20 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பது நன்று. மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதை அறிவீர்கள். பாரம் ஏறினால் அதிர்வு தாழும். கனமும் நெகிழ்ச்சியும் உள்ள கூம்பை நாடுவது அதனால்தான். இரண்டாவது, அசைந்த கூம்பு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண். தள்ளிவிட்ட ஊஞ்சல் நெடுநேரம் ஆடினால் அந்த எண் பெரிது. உடனே நின்றால் சிறிது. நம் வேலைக்கு 0.7-ஐ ஒட்டியிருப்பது தக்கது. மூன்றாவது, கூம்பின் நெகிழ்ச்சிக்கு ஈடான காற்றின் கன அளவு.

நான் தேர்ந்தவை 15 அங்குலக் கூம்புகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றாம் எண் 250 லிட்டர். நான்குக்கும் 1,000 லிட்டர். பின்னறை இதைப்போல் பத்து மடங்காவது இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் பத்தாய அறை பதினான்கு மடங்குக்கு மேல். கணக்கிட்டால், 20 ஹெர்ட்ஸாக இருந்த இயல்பதிர்வு 20.7 ஆகிறது. காற்றுச்சுருள் இல்லாததற்கு ஒப்பு. 1,000 லிட்டர்ப் பெட்டியில் அதே நான்கையும் அடைத்திருந்தால் 28-க்கு ஏறியிருக்கும்.

ஏன் நான்கு என்றால், தாழ்ந்த ஒலி காற்றைப் பெருமளவில் தள்ளுவதைப் பொறுத்தது. ஒரே அளவு ஒலியழுத்தத்துக்கு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்தோறும் கூம்பின் அசைவு நான்கு மடங்காகவேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டரும், 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டரும் அசையவேண்டும். நான்கு கூம்புகள் வேலையைப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் அமைதியாக நாலில் ஒரு பங்கு அசைந்தாற் போதும்.

இந்த நான்கையும் நேரே சுவரில் பதித்தால், கனமான கூம்புகள் முன்னே பாயும்போது சுவர் பின்னே தள்ளப்படும். நியூட்டனின் மூன்றாம் விதி யாரையும் விடாது. எனவே, ஒட்டுப்பலகையால் ஒன்றரை அடி அகலமும், மூன்றடி உயரமும், ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஒரு கூடு செய்தோம். பலகை 18 மில்லிமீட்டர்க் கனம், இரண்டிரண்டாக ஒட்டியது. இடப்பலகையில் இரண்டு, வலப்பலகையில் இரண்டாகக் கூம்புகள் உள்நோக்கி ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. எல்லாம் ஒரே கணத்தில் உள்ளே அழுத்தும். காற்று கூட்டின் திறந்த வாய் வழியே பாட்டறைக்குள் வரும். இடப்பக்கத்து உதைப்பும் வலப்பக்கத்து உதைப்பும் தம்முள் தீர்ந்துவிடும். வேலை செய்த ஆசாரி, “பெட்டி என்கிறீர்கள், ஒரு பக்கம் பலகையே இல்லையே ஐயா?” என்று கேட்டார். “இது பெட்டியல்ல, ஆசாரி; வாசல். அந்த அறைதான் பெட்டி” என்றேன். ஓடு வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்படியானால் பெரிய பெட்டிதான்” என்றார்.

கூட்டின் வாய்க்கு ஏற்பச் சுவரை வெட்டவேண்டும். சுவர் கூரையைத் தாங்குவதாயின், முதலில் மேலே கான்கிரீட் உத்தரம் போட்ட பின்னரே கீழே வெட்டவேண்டும். இதில் கொத்தனாரின் சொல்லே முடிவு. கூட்டுக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளியும் இல்லாதபடி அடைக்கவேண்டும். இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவு இறுக மூடவேண்டும். அது திறந்திருந்தால் அணையில் மதகைத் திறந்ததற்குச் சமம். பத்தாய அறையிலிருந்து வீட்டுக்கு வெளியே சிறிது காற்றுப் போவதால் கேடில்லை, பாட்டறைக்குள் வரலாகாது.

நான்கு ஒலிபெருக்கிகளும் 8 ஓம் தடையுள்ளவை. இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு இணைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மீண்டும் 8 ஓம். பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். எதிர்த்து நிற்கக் காற்றுச்சுருள் இல்லையாதலால், நடுத்தர வலிமையுள்ள பெருக்கியே போதும். அதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூம்பைத் தடுப்பதற்கும் காற்றுச்சுருள் இல்லை. ஆகையால் 15 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை நீக்கும் வடிப்பான் ஒன்று வேண்டும். மேலே 80 ஹெர்ட்ஸோடு நிறுத்தி, எஞ்சியதைச் சாதாரண ஒலிபெருக்கிகளுக்கு விட்டுவிடலாம்.

பேச்சிப்பாறையில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. கூம்பின் விளிம்பு நுரைப்பொருளால் ஆகியிருந்தால் சில ஆண்டுகளில் பொடியாகும். ரப்பர் விளிம்பே ஏற்றது. எங்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களாக இருக்க, நான் அதைத் தேடி அலையவும் வேண்டுமா! பலகையின் எல்லா விளிம்புகளுக்கும் வண்ணம் பூசி ஈரம் புகாமற் செய்தோம். கூட்டைத் தரையில் வைக்காமல் கல்மேல் நிறுத்தினோம். கரையானுக்கு அஞ்சியே இது. எலி வராதபடி பின்னறைச் சாளரத்துக்குக் கம்பிவலை அடித்தோம்.

முடிந்தபின் சோதனை. 100 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறங்கும் ஒலியை அனுப்பினால், வீட்டில் தளர்ந்து கிடப்பவை யாவும் தம் பெயரைச் சொல்லும். ஓர் ஓடு, சாளரக் கொக்கி, பரணிலுள்ள பித்தளைப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக அடக்கவேண்டும். அறைக்கும் தன் சொந்த அதிர்வுகள் உண்டு. எங்கள் அறையின் நீளத்துக்கு 31, அகலத்துக்கு 40, உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வுகளில் சுவரோரம் ஒலி மிகும். அறையின் நட்டநடுவில் நலியும். ஆகவே நாற்காலியை நடுவிலிருந்து சிறிது விலக்கிப் போட்டால் ஒரு காசும் செலவின்றிக் குணம் உண்டாகும்.

இத்தனைக்கும் பிறகு, எந்நேரமும் வீடு அதிரும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான நேரம் அந்தக் கருவி இருப்பதே தெரிவதில்லை. ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தி, சுருதி ஒரு கட்டையானால், 65 ஹெர்ட்ஸ் அளவினது. நம் சங்கீதத்தின் சுரங்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான். அதற்கும் கீழே இருப்பவை, தோலில் கை விழும் கணத்தின் கனமும், இடியின் உருளலும், பெரிய மாதாகோயில் ஆர்கனின் நீண்ட குழாய்களுமே. வராதபோது மௌனமாக இருப்பதும், வரும்போது மட்டும் வந்து, உடனே அடங்குவதுமே இதன் இலக்கணம்.

தாழ்ந்த ஒலியின் உலகு இன்னும் கீழே நீள்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காடுகளில் யானைகள் உண்டு. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியால் யானைகள் பேசிக்கொள்ளக்கூடும் என்று முதலிற் கருதியவர்களுள் ஒருவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். அவர் தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். பின்னர் அமெரிக்காவில் காத்தரின் பெயின், ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை ஒலியெழுப்புவதைத் தம் துணைவர்களோடு பதிவுசெய்து 1986-இல் வெளியிட்டார். நம் வீட்டுக்கு எதிரேயுள்ள காட்டில் நிகழும் உரையாடலை நாம் இதுவரை கேட்டதில்லை என்பது எண்ணத்தக்கது.

மாணவர்களே, நான்கு கூம்புகளை வாங்குவதும் சுவரை வெட்டுவதும் எல்லோராலும் இயலாது. இயலவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அட்டையில் துளையிடுவது எல்லோராலும் இயலும். அதை முதலிற் செய்யுங்கள். பிறகு உங்கள் ஊரில் கொடைவிழா நடக்கும்போது, பெருக்கியின் அருகே நிற்காமல், வில்லின் அருகே, குடம் அடிப்பவருக்குப் பக்கத்தில் போய் அமருங்கள். அந்த ஒலி எப்படி இருக்கும் என்பதை உடலால் அறிந்துகொள்ளுங்கள். உண்மையான ஒலியை ஒருமுறை அறிந்தவனே எந்தக் கருவியிலும் எது குறைகிறது என்று சொல்ல வல்லவன். அக்குறையை நீக்கும் வழியைப் பௌதிகம் காட்டும். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பாடப் புத்தகத்திலேயே அதில் பெரும்பகுதி இருக்கிறது.